வலை கழற்றிய விளக்கு: தலவாக்கலை லயம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்துத் தலவாக்கலைக்கு மேலே, பஸ் நிற்கும் சந்தியிலிருந்து முக்கால் மணி நேரம் ஏற வேண்டிய தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து என் பழைய மாணவர் அந்த விளக்கைக் கொண்டுவந்தார். பழைய சாரத்தில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்திருந்தார். வீட்டுக்குள் வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “சேர், இது உண்மையான சுரங்க விளக்கா, இல்லையா?”

அவர் முகத்தில் ஒரு மனத்தாங்கல் தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம் கொழும்பிலிருந்து பழம்பொருள் வாங்க வந்த ஒருவர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று குறைகள் சொல்லியிருக்கிறார். உள்ளே இருக்க வேண்டிய கம்பி வலை இல்லை. அடிப்பாகத்தில் உள்ள இலக்கமும் மேல் தொப்பியில் உள்ள இலக்கமும் ஒன்றல்ல. ஈயப் பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு ஆணி வளைத்து விடப்பட்டிருக்கிறது. ஆகவே இது பல உடைசல்களைச் சேர்த்து ஆக்கிய பொருள் என்று முடிவு சொல்லி, பித்தளையின் நிறைக்கு மட்டும் விலை பேசியிருக்கிறார். அந்த விலை மாணவரை அவ்வளவாக வருத்தவில்லை. தாத்தா வைத்திருந்த பொருளைப் பொய் என்று சொன்னது வருத்தியது.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுரங்க விளக்குகளைத் தேடிச் சேர்த்துவருகிறேன். என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை திறந்த சுடரோடு எரியும் கார்பைட் விளக்குகள். நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆழமான சுரங்கம் என்று இருப்பது காரீயச் சுரங்கம், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கிரஃபைட். சிங்களத்தில் மினிரன் என்பார்கள். கேகாலை மாவட்டத்தில் போகல, குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ, இரண்டும் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கியவை. நிலக்கரிப் படுகையில் ஊறி வரும் எரிவாயு அங்கே தொல்லை கொடுப்பதில்லை. அதனால் திறந்த சுடரோடு இறங்கலாம். வலை போட்ட பாதுகாப்பு விளக்கு இந்தத் தீவுக்குத் தேவைப்பட்டதே இல்லை. மலையகத்துத் தோட்டத் தொழிலாளரின் லயம் (வரிசை வீடு) ஒன்றிலிருந்து அப்படி ஒன்று வெளிப்படும்போது, அது உண்மையானதா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி எழுகிறது. இது ஏன் இங்கே இருக்கிறது?

முதல் பார்வை

விளக்கைத் துடைக்க விடவில்லை. சாரத்தை விரித்து, அதன் மேலேயே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். பழைய விளக்கைக் கையில் எடுத்ததும் துடைக்கத் தொடங்குபவர்கள் பாதிச் சான்றைத் துணியோடு எடுத்துவிடுகிறார்கள்.

உயரம் கொக்கி நீங்கலாகச் சுமார் 25 சென்ரிமீற்றர். நிறை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். அடியில் பித்தளை எண்ணெய்க் குடுவை, அதன் மேல் தடித்த கண்ணாடி உருளை, கண்ணாடியைச் சுற்றி ஐந்து தூண்கள், அவற்றுக்கு மேல் காற்றுத் துளைகள் விட்ட இரும்புத் தொப்பி, உச்சியில் கொக்கி. குடுவையின் தகட்டில் ‘இ. தோமஸ் அண்ட் வில்லியம்ஸ், அபர்டேர்’ என்ற பெயர், தேய்ந்தும் தேயாமலும்.

தெற்கு வேல்ஸின் அபர்டேர் நகரத்தில் 1860இல் தொடங்கிய விளக்குத் தொழிற்சாலை அது. பெயர்த்தகடு மட்டும் எதையும் நிறுவாது. அதே பெயரில் நினைவுப் பரிசு விளக்குகள் பிற்காலத்தில் ஏராளமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. அவை தரமான பொருள்கள்தாம், ஆனால் சுரங்கத்துக்குள் போனவை அல்ல. அவற்றைவிடக் கீழான போலிகளும் சந்தையில் நிறைய உண்டு. மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்து, ‘பிரிட்டிஷ் கோல் மைனிங் கம்பனி, வேல்ஸ், அபராமன் கொலியரி’ என்று பொறித்திருப்பார்கள். அப்படியொரு கம்பனி இருந்ததே இல்லை. பிரித்தானியாவில் சுரங்கங்கள் தனித்தனிக் கம்பனிகளிடம் இருந்தன. 1947 ஜனவரி முதலாம் திகதி அரசுடைமையாகித் தேசிய நிலக்கரிச் சபையிடம் போயின. அந்தப் பெயர்த்தகட்டைக் கண்டால் விலை கேட்காமலே திரும்பிவிடலாம்.

மாணவர் கொண்டுவந்ததில் அந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லை. கண்ணாடியின் இரு விளிம்புகளும் தட்டையாகத் தேய்த்துச் செம்மை செய்யப்பட்டிருந்தன. வெளிக் காற்று இடுக்கு வழியாக உள்ளே போகக் கூடாது என்பதற்காகச் சுரங்க விளக்குக் கண்ணாடிக்கு அப்படிச் செய்வார்கள். அலங்கார விளக்குக்கு அந்த மெனக்கெடல் கிடையாது. குடுவையின் அடிவழியாக மேலேறித் திரியைத் தொடும் ஒரு கம்பியும் இருந்தது. அந்தக் கம்பி எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு. பூட்டிய விளக்கைச் சுரங்கத்துக்குள் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. திரி கருகினால் தொழிலாளி இந்தக் கம்பியை வெளியிலிருந்து அசைத்துக் கரியைத் தட்டிவிட்டு, சுடரை ஏற்றி இறக்கிக்கொள்வார். இந்தக் கம்பியின் அடிவளைவு கண்ணாடிபோல வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. பல ஆண்டுகள் விரல் படாமல் இரும்பு அப்படித் தேயாது.

கண்ணாடி மட்டும் உள்ளே சற்றே ஆடியது. அதன் மேல் விளிம்புக்கும் பித்தளை வளையத்துக்கும் நடுவே ஒரு தகர வளையம் செருகப்பட்டிருந்தது. பிஸ்கட் டின்னை வெட்டி, இரண்டாக மடித்துத் தட்டிய வளையம். உட்புறம் சிவப்பு வர்ணம் இன்னும் ஒட்டியிருந்தது. கொழும்பு வியாபாரி இதையும் ஒட்டுவேலை என்று கணக்கில் எடுத்திருப்பார். நான் அதை எடுத்துத் தனியே ஒரு கடித உறையில் வைத்து, எங்கே இருந்தது என்று வரைந்துகொண்டேன்.

வலை எதற்கு?

வியாபாரி சொன்ன குறைகளில் வலை இல்லை என்பதே பெரியது. வலை இல்லாத பாதுகாப்பு விளக்கு கண்ணாடிக்குள் வைத்த குப்பி லாம்புக்குச் சமம்.

1812 மே 25 அன்று வட இங்கிலாந்தின் ஃபெலிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். நிலக்கரியிலிருந்து கசியும் மெதேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும். வேலை செய்ய வெளிச்சம் வேண்டும்; அந்த வெளிச்சமே ஆளைக் கொல்லும். இந்தச் சிக்கலை அவிழ்க்க மருத்துவர் கிளானி, எஞ்சின் தொழிலாளியாக இருந்து பொறியியலாளர் ஆன ஜோர்ஜ் ஸ்டீஃபன்சன், வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மூவரும் தனித்தனியே முயன்றார்கள். டேவி 1815 நவம்பரில் தன் ஆய்வை லண்டன் ரோயல் சொசைட்டியில் வாசித்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை இருந்தால், உள்ளே வாயு எரிந்தாலும் கம்பிகள் வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுகின்றன. வலைக்கு வெளியே வரும்போது தீப்பற்றும் அளவு சூடு மிஞ்சுவதில்லை. அங்குலத்துக்கு 28 கம்பிகள், சதுர அங்குலத்துக்கு 784 துளைகள் என்பது நிலைபெற்ற அளவு. டேவி இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யார் முதலில் கண்டுபிடித்தார் என்று டேவியின் ஆதரவாளர்களும் ஸ்டீஃபன்சனின் ஆதரவாளர்களும் நெடுங்காலம் சண்டை போட்டார்கள். படித்த கனவான் ஒருவரோடு, பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்த எஞ்சின்காரர் ஒருவர் சரிசமமாக வாதாடிய கதை அது. வாசிக்கும்போதெல்லாம் என் மனம் ஸ்டீஃபன்சன் பக்கமே சாய்கிறது.

வலைக்கும் ஒரு பலவீனம் இருந்தது. சுரங்கத்தில் காற்றோட்டம் பலமானபோது சுடர் வலையைத் தாண்டித் தள்ளப்பட்டது. பெல்ஜியத்தில் மியூஸ்லெர், பிரான்சில் மார்சோ என்று ஒருவர் பின் ஒருவராகத் திருத்தினார்கள். மார்சோ ஒரு வலைக்குள் இன்னொரு வலை வைத்து, காற்று நேராக அடிக்காதபடி இரும்புத் தொப்பி போட்டார். 1880களுக்குப் பின் பரவிய அந்த வகையைச் சேர்ந்ததுதான் நம் விளக்கு. அப்படியானால் அதற்குள் ஒன்றல்ல, இரண்டு வலைகள் இருந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு மேலே இருக்கும் இரண்டு வலையும் சேர்ந்து சுடருக்கான காற்றோட்டத்தைக் குறைத்து வெளிச்சத்தை மங்கவைத்துவிடும். இத்தகைய விளக்கின் ஒளி ஒரு மெழுகுதிரியின் ஒளிக்கும் குறைவு. நாள் முழுக்க அந்த மங்கலில் வேலை செய்தவர்களுக்குக் கண்மணி தானாகவே துள்ளும் நோய் வந்தது. உயிரைக் காத்த விளக்கு கண்ணைத் தின்றது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் அந்த மங்கல் வெளிச்சம் நம் கதைக்குள் வருகிறது.

அடுப்படியில் இருந்த சான்று

விளக்கை மேசையில் வைத்துக்கொண்டு மேலும் யோசித்துப் பயனில்லை என்று பட்டது. அடுத்த சனிக்கிழமை மாணவரோடு தோட்டத்துக்குப் போனேன். மழை விட்டும் விடாமலும் இருந்தது. லயத்தின் கடைசிக் காம்பராவில் அவருடைய அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இருந்தார். எண்பதைத் தாண்டியவர், கொழுந்து எடுத்த விரல்கள் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கின்றன. காது சற்று மந்தம், நினைவு தெளிவு.

விளக்கு வந்த கதையை அவர் சொன்னபடி எழுதுகிறேன். அவருடைய கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜின் டிரைவராக இருந்தவர். தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை வேல்ஸ்காரர். துரையின் தகப்பன் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் பொறுப்பான வேலை பார்த்தவராம். பங்களாவின் கணப்படுப்புக்கு மேலே, குடும்பப் படங்களின் நடுவே இந்த விளக்கு இருந்ததைத் தன் கணவர் பல தடவை பார்த்திருக்கிறார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை புறப்பட்டார். போகும்போது சாமான்களைப் பங்களாவில் வேலை செய்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர், என்ஜின் அறைக்கு வந்து இதைக் கொடுத்திருக்கிறார். தன் தகப்பன் எந்திரத்தை நம்பிப் பிழைத்தவர், நீயும் அப்படி, என்றாராம். அந்தச் சொற்களை அம்மாயி இரண்டு தடவை சொன்னார்.

அந்த நேரத்தில் லயத்தில் கரண்ட் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர், ஒரு குப்பி லாம்பு. விளக்கை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தபோது குப்பி லாம்பு அளவுக்குக்கூட வெளிச்சம் வரவில்லை என்று அம்மாயி சொன்னார். கணவர் மறுநாளே கழற்றி, உள்ளே இருந்த இரண்டு கம்பிக் கூம்புகளையும் வெளியே எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கண்ணாடி ஆடியதால் பிஸ்கட் டின்னை வெட்டி வளையம் வைத்தார். பிள்ளைகள் திருகித் திறந்து எண்ணெயைக் கொட்டாமலிருக்கப் பூட்டில் ஆணியைப் போட்டார்.

வியாபாரியின் மூன்று குறைகளில் இரண்டுக்கு அந்த இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார்ந்தபடியே விடை கிடைத்தது. அம்மாயியின் வாய்ச்சொல்லை நான் முழுக்க நம்பினேன். ஆனால் ஆய்வு என்று எழுதும்போது நம்பிக்கை மட்டும் போதாது. கூம்புகள் என்ன ஆயின என்று கேட்டேன்.

பெரியது துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதாம். சின்னதைத் தேத்தண்ணி வடிகட்ட வைத்துக்கொண்டாராம். சில மாதங்கள் வடித்திருக்கிறார். சாயம் மை மாதிரிக் கறுக்கிறது, இரும்பு வாடை வருகிறது என்று கணவர் முகம் சுளித்ததால் அதை நிறுத்திவிட்டு, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டி, விதை போட்டு வைக்கத் தொடங்கியிருக்கிறார். “அங்கேதான் இருக்கும், போய்ப் பார் அய்யா” என்று பேரனை அனுப்பினார்.

பேரன் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது ஒரு கறுத்த கம்பிக் கூம்பு. உள்ளே துணி முடிச்சில் மிளகாய் விதை. புகையில் இருந்தால் பூச்சி பிடிக்காது என்பது அம்மாயியின் கணக்கு. என் கை சற்று நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மியூசியத்துக் கண்ணாடிக்குப் பின்னால்கூட இப்படி ஒன்றைப் பார்த்து நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

விதையை வேறு துணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கூம்பின் மேல் இரும்பு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துப் பெருக்கி எண்ணினோம். ஒரு சென்ரிமீற்றருக்கு 11 கம்பிகள். நான்கு இடங்களில் எண்ணினோம், நான்கிலும் அதே எண். அங்குலமாக மாற்றினால் 28. மாணவர் கணக்கில் கெட்டிக்காரர். நான் சொல்லுமுன்னரே 28ஐ 28ஆல் பெருக்கி 784 என்றார்.

அடுத்தது பொருத்திப் பார்ப்பது. கூம்பின் அடியில் பித்தளை விளிம்பு ஒன்று இருந்தது. தகர வளையம் இருந்த அதே பள்ளத்தில் அது சறுக்காமல் உட்கார்ந்தது. ஆனால் கண்ணாடி இன்னும் ஆடியது. கூம்பின் விளிம்போடு தகர வளையத்தின் மடிப்பைப் பிரித்து ஒற்றையாக வைத்தபோது ஆட்டம் நின்றது. இரண்டு வலைகளின் இரண்டு விளிம்புகள் நிரப்பிய இடத்தை அந்த மனிதர் இரண்டு மடிப்புத் தகரத்தால் நிரப்பியிருக்கிறார். ஒரு விளிம்பு திரும்பி வந்ததும் ஒரு மடிப்புப் போதுமாகிவிட்டது. என்ஜின் டிரைவரின் கைவேலை அவ்வளவு துல்லியம்.

தேயிலை செய்த உதவி

ஈரம் வடியாத நம் மலையில் மெல்லிய இரும்புக் கம்பி வலை அரை நூற்றாண்டு தாங்குவது அபூர்வம். அண்ணன் வலை உதிர்ந்துபோனது; தம்பி தப்பியது. வேறுபாட்டுக்குக் காரணம் தேத்தண்ணிதான் என்பது என் முடிவு.

தேயிலையில் தனின் வகைப் பொருள்கள் நிறைய உண்டு. அவை இரும்போடு சேரும்போது நீலங்கலந்த கறுப்பு நிறத்தில் இரும்புத் தனேற்று உண்டாகிறது. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிய கறுப்பு மையின் வேதியியல் இதுவே. அம்மாயியின் கணவர் சாயம் மை மாதிரிக் கறுக்கிறது என்று சொன்னது உவமை மட்டுமல்ல, அவர் குடித்தது ஏறக்குறைய மைதான். பழம்பொருள் பாதுகாப்பவர்கள் துருப்பிடித்த இரும்பின் மேல் தனிக் அமிலக் கரைசலைப் பூசுவதும் இதற்காகத்தான். துருவோடு சேர்ந்து கறுப்பான, எளிதில் கரையாத ஒரு படலம் இறுகிக்கொள்கிறது. அந்த வேலையை ஒரு லயத்து அடுப்படி தன்னை அறியாமல் சில மாதங்கள் தினமும் செய்திருக்கிறது. பிறகு அடுப்புச் சூடு ஈரத்தை அண்டவிடவில்லை, புகைக்கரி மேலும் ஒரு போர்வை போட்டது.

வேல்ஸ் நிலக்கரிக்காகச் செய்த ஒரு வலையை மலையகத்துச் சாயம் காப்பாற்றியது என்பதை எழுதும்போது எனக்குள் ஒரு பெருமிதம் வருகிறது. அதை அடக்கிக்கொள்ளத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஒவ்வாத இலக்கங்கள்

மிச்சமிருந்தது இலக்கப் பிரச்சினை. குடுவையின் இலக்கம் புளி போட்டுத் துலக்கித் துலக்கித் தேய்ந்துபோயிருந்தது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் தாளில் எழும்பும். குடுவையில் 318, தொப்பியில் 81. வியாபாரி சொன்னது உண்மைதான், இரண்டும் வேறு.

ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியல்ல. சுரங்க வாயிலில் விளக்கு அறை என்று ஒன்று உண்டு. தொழிலாளி தன் இலக்கமிட்ட பித்தளை வில்லையைக் கொடுத்து, அதே இலக்க விளக்கை வாங்கிக்கொண்டு இறங்குவார். வேலை முடிந்து ஏறும்போது விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்குவார். வில்லை அறையிலேயே கிடந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். 1913 ஒக்டோபர் 14 அன்று தெற்கு வேல்ஸின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர் மாண்டார்கள். பிரித்தானியச் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய சாவு இல்லை. அப்படிப்பட்ட நாளில் விளக்கின் இலக்கமே மனிதரின் பெயராகிவிடும்.

அந்த அறையில் நூற்றுக்கணக்கான விளக்குகளைத் தினமும் பிரித்து, வலையைத் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, பூட்டி வைப்பார்கள். நசுங்கிய தொப்பிக்குப் பதில் இன்னொரு விளக்கின் தொப்பியைப் போடுவது அங்கே அன்றாட வேலை. ஆகவே வேலை செய்த விளக்கில் இலக்கம் மாறியிருப்பது இயல்பு. எல்லா இலக்கமும் சரியாகப் பொருந்தி, கீறலே இல்லாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பிற்காலத்தில் யாராவது கடையில் வைத்துச் சேர்த்ததா என்பதைத் தீர்மானிக்க இரண்டு இடங்களைப் பார்த்தேன். குடுவையும் மேற்பகுதியும் திருகிச் சேரும் புரிகள் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. நெடுங்காலம் ஒன்றோடொன்று சேர்ந்து திறந்து மூடிய புரிகளில்தான் அப்படி வரும். தொப்பி தூண் வளையத்தில் சேரும் இடத்தில் கரி ஒரே படலமாக, மூட்டைத் தாண்டி ஓடியிருந்தது. அந்தக் கரி லயத்து மண்ணெண்ணெய்க் கரி. ஆக, 318உம் 81உம் துரையின் பங்களாவிலிருந்து வரும்போதே சேர்ந்திருந்தவை.

பூட்டு நாதாங்கியின் துளைக்குள் ஊசி முனையால் பார்த்தபோது சாம்பல் நிற ஈயத்தின் மெல்லிய பூச்சு விளிம்பில் அப்பியிருந்தது. விளக்கு அறையில் துளைக்குள் ஈய ஆணி விட்டு, அச்சுள்ள குறட்டால் நசுக்குவார்கள். அன்றைய எழுத்து அதில் பதியும். யாராவது கீழே திறந்தால் ஈயம் காட்டிக் கொடுத்துவிடும். இந்தத் துளையில் ஈயம் பலமுறை நசுங்கியிருக்கிறது. இது சுரங்கத்துக்குள் போய் வந்த விளக்கு.

சட்டத்தின்படி

மாணவர் இன்னொன்றும் கேட்டார்: இது தொல்பொருள் ஆகுமா, வைத்திருப்பதில் பிரச்சினை வருமா? 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு எல்லையாக வைத்தது 1815 மார்ச் 2ஆம் திகதியை. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். டேவி தன் விளக்கைப் பற்றி வாசித்தது அதே ஆண்டு நவம்பரில். எட்டு மாதம் பிந்திவிட்டது. கண்டி இராச்சியம் வீழ்ந்த ஆண்டும், சுரங்கத்தில் இறங்குபவருக்கு உயிர்க்காப்பு கிடைத்த ஆண்டும் ஒன்றாக இருப்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நாட்டுக்கும் விளக்குக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்த விளக்கைக் கொண்டுவந்த துரைமாரும், அதை ஏந்திய நம் மக்களும் அந்த 1815இன் வழியாகத்தான் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

என்ன செய்தோம், என்ன செய்யவில்லை

சேர்ப்பவர்களில் ஒரு சாரார் இந்த விளக்கைப் பிரித்துக் கழுவி, புது வெளிவலை வாங்கிப் போட்டு, ஈயம் வைத்து, பித்தளையைக் கண் கூசும்படி துலக்கி, 1900இல் அபர்டேரில் இருந்தது போல ஆக்கிவிடுவார்கள். விலை பல மடங்கு ஏறும். எனக்கு அதில் கடுமையான மறுப்பு உண்டு. வேல்ஸில் இந்த வகை விளக்குகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்ஜின் டிரைவர் வலை கழற்றிய விளக்கு இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டிருக்கிறது. தகர வளையத்தையும் ஆணியையும் எடுத்தெறிந்தால், அந்த மனிதர் இந்தப் பொருளில் இட்ட கையெழுத்தை அழித்தவர்களாவோம். தோட்ட மக்களின் பெயர் வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கும் பிரட்டு ஏட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் இருந்தது. அவர்கள் கை செய்த மாற்றங்கள் இப்படிப்பட்ட பொருள்களில்தான் இருக்கின்றன.

ஆகவே மென்மயிர்த் தூரிகையால் தளர்ந்த தூசியை மட்டும் தட்டினோம். தொப்பியின் துருவை உலர்ந்த துணியால் ஒற்றி, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசினேன். கரியைத் தொடவில்லை. திரி இருந்த இடத்தில் சேலைக் கரையிலிருந்து கிழித்த ஒரு நாடா இருந்தது. அதுவும் அப்படியே இருக்கிறது. கூம்பு வலையைத் தண்ணீர் படாமல், அமிலம் கலவாத தாளில் சுற்றினோம். தகர வளையத்தை மீண்டும் இரண்டாக மடித்து அதன் இடத்திலேயே வைத்தேன்.

புளி விஷயத்தில் அம்மாயியோடு எனக்கு ஒரு வழக்கு நடந்தது. இனித் துலக்கினால் இலக்கம் மறைந்துவிடும் என்றேன். தைப்பொங்கலுக்குத் துலக்காத விளக்கை வீட்டில் வைக்கலாமா என்று அவர் கேட்டார். வாதத்தில் நான் தோற்றேன். ஐம்பது ஆண்டு அவர் துலக்கியதும் இந்த விளக்கின் வாழ்க்கைதான். நேற்று வந்த நான் அதை நிறுத்தச் சொல்வது சரியாகப் படவில்லை. இலக்கத்தையும் பெயர்த்தகட்டையும் தொடாமல் மற்ற இடத்தைத் துலக்குவது என்று பேசி முடித்தோம். பென்சில் பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை அவர்கள் வீட்டில் வைத்தோம்.

விளக்கை நான் வாங்கவில்லை. கேட்டிருந்தால் மாணவர் தந்திருப்பார், அதனாலேயே கேட்கவில்லை. அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், அம்மாயி சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதி, படங்களை ஒட்டி, அளவுகளைச் சேர்த்து, விளக்கோடு கட்டி வைத்தோம். கதை தனியாகவும் பொருள் தனியாகவும் பிரிந்துபோனால் இரண்டும் அரைகுறையாகிவிடும். பிற்காலத்தில் குடும்பம் விரும்பினால் கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் போன்ற ஓர் இடத்துக்குக் கொப்பியும் விளக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.

கொளுத்திப் பார்த்தது

கடைசி நாளில் அம்மாயி ஒரு தடவை கொளுத்திக் காட்டச் சொன்னார். பழைய விளக்கைக் கொளுத்துவது நல்லதல்ல. ஆனாலும் அவருக்கு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. சேலை நாடாவை எடுத்து வைத்துவிட்டுப் புதுத் திரி போட்டு, குடுவையில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, கூம்பு வலையை அதன் இடத்தில் வைத்துப் பூட்டி, இஸ்தோப்பில் வைத்தோம். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்த நேரம். சுடர் மஞ்சளாக, விரல் நகம் அளவுக்கு நின்றது. மாணவரின் மகள் பாடப் புத்தகத்தை அதன் அருகே கொண்டுபோனாள். எழுத்துத் தெரியவில்லை.

அம்மாயி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதற்காகத்தான் அவர் அதைக் கழற்றினார். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று” என்றார். அணைத்து, ஆறவிட்டு, வலையை எடுத்துத் தாளில் சுற்றி, தகர வளையத்தைப் போட்டு மறுபடி கொளுத்தினோம். மகள் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து முடித்தாள்.